இருமலை மறைக்காதீர்!

தோட்டத்தில் ஒருவர் இளைத்து இருமினால், “தலைவிதி”, “குடித்துக் கெட்டார்” என்று பேசி முடித்துவிடுகிறோம். விதியல்ல, கிருமி! சயரோகக் கிருமியை ராபர்ட் கோக் 1882-லேயே கண்டுபிடித்துவிட்டார்.

அக்கிருமி புகுந்த எல்லாரும் நோயில் விழுவதில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி அதை அடக்கி வைக்கிறது. இனிப்புநீர் வியாதி அந்தச் சக்தியைக் குலைக்கிறது. ஆகவே, இனிப்புநீர் உள்ளவருக்குச் சயரோகம் பற்றும் ஆபத்து 2 முதல் 3 மடங்கு அதிகம்.

மருந்து இல்லையா? உண்டு! பெரும்பாலோர் 6 மாதம் தவறாமல் உண்டால் குணமடைவர். பிறகு ஏன் மறைக்கிறார்கள்? பெரட்டுக்கு வராவிட்டால் கூலி போகுமென்ற அச்சம்தான்!

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், ஐந்தாண்டு உழைத்தவருக்கு ஆண்டுக்கு 22 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு அளிக்கிறது. மருத்துவச் சீட்டு பெற்று 48 மணி நேரத்திற்குள் தெரிவித்தால் போதும். இது நிர்வாகம் போடும் பிச்சையல்ல, உரிமை!

கிராணிமார்களே! சீட்டோடு வந்தவரைச் செக்ரோலில் ‘வரவில்லை’ என்று எழுதாதீர். நாமும் சம்பளத்துக்கு உழைப்பவர்களே.

நிர்வாகத்தினரே! காற்றுப் புகாத வீட்டில் ஆட்களை அடைத்துவிட்டு, நோயாளியைக் குறை கூறாதீர்.

தோழர்களே! இரண்டு வாரத்திற்கு மேல் இருமினால் சளியைச் சோதியுங்கள். சயரோகமெனில் இனிப்புநீரையும் சோதியுங்கள். உரிமையைக் கேட்டுப் பெறுங்கள்!