தமிழ்த் துறையும் கணினித் துறையும் சேர்ந்து உட்கார வேண்டும்

‘நேற்று வந்த பையனைப் பார்த்தேன்.’ கணினியியல் மாணவர்களுக்கு நான் முதலில் தரும் வாக்கியம் இது. வந்தது நேற்றா, பார்த்தது நேற்றா? இலக்கணம் இரண்டுக்குமே இடம் தருகிறது.

நான்கு சொல்லிலேயே இந்தச் சிக்கல். சொற்களை இரண்டிரண்டாக இணைத்துக்கொண்டே போனால், 10 சொல் வாக்கியத்தை 4,862 விதமாகப் பிரிக்கலாம். 20 சொல் என்றால் 176 கோடியைத் தாண்டும். அத்தனையையும் தனித்தனியே பார்க்க வேண்டாம் என்று 1960களில் வழிகாட்டியவர்கள் காக், யங்கர், கசாமி ஆகிய மூவர். ஒரு தொடர் எந்தெந்தப் பகுதிகளால் ஆகும் என்பதைச் சுற்றியுள்ள சொற்களைப் பார்க்காமலே விதிக்கும் சூழல் சாரா இலக்கணத்துக்கான அவர்களது ‘சி.ஒய்.கே.’ முறை ஒரு முக்கோண அட்டவணையை நிரப்புகிறது. அடியில் தனிச்சொற்கள், மேலே அடுத்தடுத்த இரு சொற்கள், பிறகு மூன்று. ‘வந்த பையனை’ என்பது பெயர்த்தொடர் என்று ஒருமுறை கண்டு எழுதிவிட்டால், மறுபடி கணக்கிட வேண்டியதில்லை. 20 சொல்லுக்கு 210 கட்டங்கள் போதும்.

செயற்கை நுண்ணறிவு எல்லாம் செய்யும்போது இது எதற்கு என்று மாணவர்கள் கேட்கிறார்கள். அது பதில் தருகிறது. எந்தச் சொல்லை எதனோடு சேர்த்துப் பொருள் கொண்டது என்று காட்டுவதில்லை. அரசாணையிலும் தீர்ப்பிலும் அது தெரிந்தாக வேண்டும்.

ஆனால் இரண்டு பிரிப்பில் எது பொருத்தம் என்று அட்டவணை தானாகச் சொல்லாது. மனிதர்கள் பிரித்துக் குறித்த வாக்கியங்களிலிருந்துதான் அதைக் கற்பிக்க முடியும். அப்படிக் குறித்த வாக்கியங்களின் தொகுப்புதான் மரவங்கி. ஆங்கிலத்துக்கு 1990களிலேயே பென் மரவங்கி வந்தது. அதில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் செய்திகள் மட்டும் சுமார் 10 லட்சம் சொற்கள். தமிழுக்கு லோகநாதன் ராமசாமி பிராக் நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய மரவங்கியில் இருப்பவை 600 வாக்கியங்கள். அரிய பணி, ஆனால் நம் மொழிக்கு அது போதாது.

தமிழில் சொல்வரிசை இடம் மாறும், சூழல் சாரா விதிகள் தாங்குமா என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் பிராக் மரவங்கி சொல்லுக்கும் சொல்லுக்குமான உறவைக் குறிக்கிறது. அந்த உறவுகளைக் கண்டுபிடிக்க 1996இல் ஜேசன் ஐஸ்னர் தந்த வழிமுறையும் அட்டவணை நிரப்புவதுதான்.

பெயரெச்சம் எதைத் தழுவும், வேற்றுமை உருபு எந்த வினையோடு முடியும் என்பது தமிழ் முதுகலை மாணவருக்குத் தெரியும். அட்டவணையை நிரப்பும் நிரல் பொறியியல் மாணவருக்குத் தெரியும். இருவரையும் ஒரே இறுதியாண்டுத் திட்டத்தில் இணைத்து மதிப்பெண் கொடுங்கள். இணைக்கு 200 வாக்கியம் என்றால், 100 இணைகள் ஓராண்டில் 20,000 வாக்கியங்களைக் குறித்துவிடும். துணைவேந்தர்கள் மனம்வைத்தால் வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.