உலாவிக்குள் ஒரு மரம்

பி.எஸ்சி. கணினி அறிவியல், இரண்டாம் ஆண்டு

இன்றைய விஞ்ஞான உலகில் இணையப் பக்கத்தைப் பாராத நாள் நமக்கு இல்லை. தேர்வு முடிவும் அதில்தான். உதவித்தொகை விண்ணப்பமும் அதில்தான். ஆனால் அந்தப் பக்கம் உலாவிக்குள் எந்த வடிவில் இருக்கிறது என்று கேட்டால், கணினி அறிவியல் பயிலும் நம்மிலேயே பலர் விழிக்கிறோம். எழுத்தும் படமும் அச்சிட்ட ஒரு தாள் என்பதே பொதுவான எண்ணம். அது தாள் அன்று, மரம். இந்த மரத்தை அறிந்த பின்னரே ரியாக்ட் போன்ற கருவிகளைக் கற்க வேண்டும் என்பது என் துணிபு. அதற்கான காரணங்களை மாணவ நண்பர்கள் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

மரம் எது?

சர்வரிலிருந்து வருவது வெறும் எழுத்துத் தொடரே. உலாவி அதைப் படிக்கப் படிக்க, நினைவகத்தில் தலைகீழ் மரம் ஒன்றைக் கட்டுகிறது. உச்சியில் 'டாக்குமென்ட்', அதன்கீழ் 'எச்.டி.எம்.எல்.', அதற்கு 'ஹெட்', 'பாடி' என இரு பிள்ளைகள், பாடியின் கீழ் தலைப்பு, பத்தி, அட்டவணை எனக் கிளைகள். ஒவ்வொன்றும் ஒரு கணு. பத்திக்குள் இருக்கும் எழுத்தும் தனிக் கணுவே. தாய், பிள்ளை, உடன்பிறப்பு என்று உறவுமுறை சொல்லியே இவற்றைக் குறிப்பிடுகிறார்கள். இந்த அமைப்புக்கு ஆவணப் பொருள் மாதிரி என்று பெயர்; சுருக்கமாக 'டாம்'.

ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொடுவது இந்த மரத்தைத்தான். நாம் தட்டச்சு செய்த கோப்பை அன்று. புதுக் கணுவை நிரல் உருவாக்கினால் மட்டும் போதாது. மரத்தில் எங்கேனும் சேர்த்தால்தான் அது திரையில் தோன்றும். ஏற்கெனவே ஓரிடத்தில் உள்ள கணுவை வேறோர் இடத்தில் சேர்த்தால், பழைய இடத்திலிருந்து அது நீங்கிவிடும். ஒரு கணுவுக்கு ஒரே தாய்தான் இருக்க முடியும்.

நாம் எழுதியது வேறு, உலாவி வைத்திருப்பது வேறு என்பதற்கு ஓர் எளிய சான்று தருகிறேன். அட்டவணை ஒன்றை எழுதி, அதற்குள் வரிசைகளை நேராக அமையுங்கள். உலாவி தானாகவே இடையில் 'டிபாடி' என்றொரு கணுவைச் சேர்த்துவிடும். வரிசை அட்டவணையின் நேர்ப் பிள்ளை என்று நம்பித் தேடும் நிரலுக்கு அது அகப்படாது. கோப்பை எத்தனை முறை படித்தாலும் பிழை புலப்படாது. மரத்தைப் பார்த்தால் நொடியில் விளங்கிவிடும்.

மற்றுமொரு சான்று. 60 மாணவரின் வருகைப் பதிவுக்கு 60 பொத்தான்கள் இருக்கின்றன எனக் கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நிரல் கட்ட வேண்டுமா? வேண்டியதில்லை. சொடுக்கியதும் அச்செய்தி உச்சியிலிருந்து பொத்தான் வரை இறங்கி, மீண்டும் தாய், பாட்டி என்று மேலே ஏறிச் செல்கிறது. அட்டவணையில் ஒரே ஒரு காவலரை நிறுத்தினால் போதும். 60 பொத்தான்களின் செய்தியும் அவரைக் கடந்தே செல்லும். மரத்தை அறிந்தவருக்கு இது எளிய கணக்கு, அறியாதவருக்கு மந்திரம்.

கருவிகள் மாறும், மரம் மாறாது

"வேலைக்கு அழைப்பவர்கள் ரியாக்ட்தானே கேட்கிறார்கள்? பழைய அடிப்படை எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வரலாறே அதற்கு விடை கூறும்.

1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரண்டன் ஐக் பத்தே நாள்களில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவை ஆக்கினார். 1997-இல் நெட்ஸ்கேப்பின் நான்காம் பதிப்பு ஒரு முறையையும், மைக்ரோசாஃப்டின் நான்காம் பதிப்பு வேறொரு முறையையும் கையாண்டன. ஒரே வேலைக்கு இரண்டு நிரல் எழுத வேண்டிய அவலம். 1998 அக்டோபரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 'டாம்' முதல் நிலைத் தரத்தை வெளியிட்டு அனைவர்க்கும் பொதுவான ஒரு வழியை வகுத்தது. 2006-இல் ஜேகுவெரி வந்து கோலோச்சியது. 2013-இல் ரியாக்ட் வெளியாயிற்று. நாளை வேறொன்று வரலாம். ஆயினும் 1998-இல் தரமாக்கப்பட்ட 'கிரியேட் எலிமென்ட்', 'அப்பெண்ட் சைல்ட்' ஆகிய கட்டளைகள் இன்றும் எல்லா உலாவிகளிலும் இயங்குகின்றன. ரியாக்ட்டும் இறுதியில் மாற்றியமைப்பது இதே மரத்தைத்தான்.

நான் முதல் தலைமுறைப் பட்டதாரியாகப் போகிறவன். நிரலில் ஐயம் எழுந்தால் கேட்பதற்கு என் வீட்டில் எவரும் இல்லை. நம் வகுப்பில் பாதிப் பேருக்கு நிலை இதுவே. ஒவ்வொரு புதுக் கருவிக்கும் பணம் கட்டிப் பயிற்சி பெற வசதியுள்ளவர் பெறட்டும். நமக்கு வேண்டியது, ஒரு முறை கற்றால் பல்லாண்டு நிற்கும் அறிவு. அடிப்படை அறிந்தவன் புதுக் கருவியைத் தானே படித்துக்கொள்வான். கருவியை மட்டும் அறிந்தவன், அது வழக்கொழிந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அறியாமையின் விலை

பிறருக்கு நேரும் இன்னலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பயனர் தட்டச்சு செய்ததை எழுத்துக் கணுவாகச் சேர்ப்பது ஒன்று. குறிச்சொற்களாகவே உலாவியிடம் ஒப்படைப்பது முற்றிலும் வேறு. பின்னதைச் செய்தால், தீயவர் எழுதிய நிரலும் நம் பக்கத்திற்குள் புகுந்து இயங்கும். 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் தளத்தில் ஒருவர் தம் பக்கத்தில் புகுத்திய நிரல், ஒரே நாளுக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களின் பக்கங்களுக்குப் பரவியது. கிருமி பரவுவதுபோல் அன்றோ பரவியது!

அரசு கலைக் கல்லூரிகளில் பார்வையற்ற மாணவர்கள் பலர் பயில்வதை நாம் அறிவோம். அவர்களுடைய திரைபடிக்கும் மென்பொருள் கண்ணுக்குத் தெரியும் அழகைப் படிப்பதில்லை. இந்த மரத்திலிருந்து பெறும் செய்தியையே படிக்கிறது. பொத்தானை அதற்குரிய 'பட்டன்' குறிச்சொல்லால் அமைத்தால் "பொத்தான்" என்று சொல்லும். வெறும் 'டிவ்' பெட்டிக்கு வண்ணம் பூசிப் பொத்தான்போல் காட்டினால், அது வெறும் எழுத்தாகவே ஒலிக்கும். விசைப்பலகையாலும் அதை எட்ட முடியாது. உதவித்தொகை விண்ணப்பத்தில் 'சமர்ப்பி' பொத்தான் இவ்வாறு அமைந்துவிட்டால், அந்த மாணவர் எவ்வாறு விண்ணப்பிப்பார்? பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றே. மரத்தில் அவை வெவ்வேறு.

என்ன செய்யலாம்?

இதற்குப் பெரும் பொருட்செலவு எதுவும் தேவையில்லை. நம் ஆய்வகத்தின் பழைய கணினியிலும் உலாவியைத் திறந்து எஃப்-12 விசையை அழுத்தினால் மரம் முழுவதும் கண்முன் விரியும். ஒரு கணுவை நீக்கலாம், இடம் மாற்றலாம், பக்கத்தை மீண்டும் ஏற்றினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இவ்வளவு மலிவான ஆய்வகம் வேறு எந்த அறிவியலுக்கு வாய்த்திருக்கிறது?

ஆசிரியப் பெருமக்களுக்கு என் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. இணைய நிரலாக்கச் செய்முறை வகுப்பின் முதல் நாளன்று, ஒரு சிறு பக்கத்தின் மரத்தை ரெக்கார்டு நோட்டில் கையால் வரையச் சொல்லுங்கள். பின்னர் உலாவி காட்டும் மரத்தோடு அதை ஒப்பிடச் செய்யுங்கள். இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று மாணவர் தேடும் அந்த ஒரு மணி நேரம், பத்து நிரல்களைப் பார்த்து எழுதுவதைவிடப் பயன் தரும்.

நண்பர்களே, பிறர் எழுதிய நிரலை எடுத்து ஒட்டி, அது இயங்கினால் மகிழ்ந்து, இயங்காவிட்டால் சோர்ந்து அமரும் நிலை நமக்கு வேண்டாம். ஏன் இயங்கியது, ஏன் இயங்கவில்லை என்று சொல்லத் தெரிந்தவனே பட்டத்திற்கு உரியவன். அடுத்த செய்முறை வகுப்பில் எஃப்-12 விசையை அழுத்திப் பாருங்கள். மரம் அங்கேதான் இருக்கிறது.