சிப்பிக் கரண்டி

இந்த வாரம் மழைமானியைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் கொட்டி எங்கள் அவலாஞ்சியை டி.வி.க்காரர்கள் கண்டுபிடித்த நாளிலிருந்து, இங்கே நாலு தூறல் விழுந்தாலும் எனக்கு போன் வருகிறது என்ற புலம்பலின் மூன்றாம் பாகம் அது. எழுதியும் வைத்துவிட்டேன். ஆனால் திங்கட்கிழமை ஊட்டியில் என்னைத் திருடி என்று சொல்லிவிட்டார்கள். மழைமானி காத்திருக்கட்டும். காத்திருப்பதுதானே அதற்கு வேலை.

இடம், ஒரு பழைய சாமான் கடை. பெயர் வேண்டாம். துரைமார் கப்பலேறியபோது விட்டுப்போன நாற்காலி, ஓரம் உடைந்த பீங்கான் தட்டு, முள் நின்றுபோன சுவர்க்கடிகாரம், யாரோ ஒரு சீமாட்டியின் தொப்பிப் பெட்டி என்று அடைந்துகிடக்கும். முன்பெல்லாம் என்னைப் போன்ற கிறுக்குகள்தான் நுழைவோம். இப்போது ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் சுவரில் மாட்டுவதற்கென்று மூட்டையாக அள்ளிப்போகிறார்கள். அதனால் விலையும் ஏறிவிட்டது, கடைக்காரர்களின் சந்தேகமும் ஏறிவிட்டது.

என் பையில் கைக்குட்டையில் சுற்றிய ஒரு கரண்டி இருந்தது. டப்பாவிலிருந்து தேயிலை அள்ளுகிற சின்னக் கரண்டி. கட்டைவிரல் நீளம்தான். வாய்ப்பகுதி சிப்பி மாதிரி வரிவரியாக இருக்கும். வெள்ளிப்பூச்சு போய் உள்ளே மஞ்சள் தெரியும். அதற்கு ஜோடியாக ஒரு பெட்டி கிடைக்குமா என்று எத்தனையோ வருஷமாகத் தேடுகிறேன் என்பது இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரியும். அந்தக் கடைத் தட்டில் பெட்டி இல்லை. அச்சு அசலாக என்னுடையதைப் போல இன்னொரு கரண்டி இருந்தது. 350 ரூபாய் என்று ஸ்டிக்கர். என் கரண்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வரிகூட அதே எண்ணிக்கை. சந்தோஷத்தில் இரண்டையும் மாறிமாறிப் புரட்டிவிட்டு, என்னுடையதைப் பைக்குள் போட்டேன். கடைக்காரப் பையன் திரும்பிப் பார்த்தது அந்தக் கடைசிக் காட்சியை மட்டும்.

உள்ளே நுழைந்தபோது நான் ‘வாங்க மேடம்’. கொஞ்ச நேரத்தில் ‘என்னம்மா பையில போட்டீங்க?’ அடுத்த மூச்சில், ‘ஏம்மா, பையைக் காட்டு.’ மேடத்திலிருந்து அம்மாவுக்கு, நீங்களிலிருந்து நீக்கு. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. எனக்கு வயது 63. தலை முழுக்க நரை. அந்த நரைக்குக் கிடைக்கும் மரியாதை இவ்வளவு வழுக்கலான படியில் நிற்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது.

வாசகர்கள் இந்நேரம் மதுரைக் கடைவீதிக்குப் போயிருப்பீர்கள். ஒற்றைச் சிலம்போடு போனவனின் ஞாபகம் எனக்கும் வந்தது. என்ன பிரயோஜனம்? கரண்டியை உடைத்தால் உள்ளே மாணிக்கப் பரலா தெறிக்கப்போகிறது? ‘இது என்னுடையது, பார், இங்கே ஒரு நசுங்கல் இருக்கிறது’ என்றேன். ‘பழைய சாமான்னா எல்லாத்துலயும் நசுங்கல் இருக்கும்’ என்றான். அதுவும் நியாயம்தான்.

கடைசியில் அவர்கள் கரண்டி பக்கத்திலிருந்த பீங்கான் டீப்பாட்டுக்குள் கிடைத்தது. உடனே நான் மறுபடி மேடமாகிவிட்டேன். ‘தப்பா எடுத்துக்காதீங்க மேடம், சீசன் டைம்ல நிறைய பொருள் காணாமப் போகுது.’ முன்னால் சொன்ன நீயைவிட இந்த மேடம்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோர்ட்டுக்குப் போகிற அண்ணன் மகனிடம் ராத்திரியே சொல்லி அழுதேன். அவன் சிரித்தான். ‘கவலைப்படாதீங்க அத்தை. 2024 ஜூலை 1லிருந்து புதுச் சட்டம். பாரதிய நியாய சன்ஹிதா 303, உட்பிரிவு 2. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த திருட்டு, முதல் தடவை, பொருளைத் திருப்பிக் கொடுத்துட்டா ஜெயில் கிடையாது, சமூக சேவைதான்.’ 350 ரூபாய்க்கு எத்தனை நாள் தெரு கூட்ட வேண்டும் என்று கேட்டேன். அது ஜட்ஜ் இஷ்டம் என்றான். கடைக்காரனுக்கு என் பையைச் சோதிக்க அதிகாரம் உண்டா என்று கேட்டேன். ‘கிடையாது, ஆனா நீங்க காட்டிட்டீங்களே’ என்றான். ஆமாம், காட்டிவிட்டேன். கை தானாகப் போய் ஜிப்பைத் திறந்தது.

இதோடு முடிந்திருந்தால் மழைமானிக்கே இடம் கொடுத்திருப்பேன். ஆனால் மேடமான பிறகு அந்தப் பையன் வியாபார ஆசையில் ஒன்று கேட்டான்: ‘நல்ல பீஸ் மேடம், உங்களுக்கு எப்படி வந்துச்சு?’ வாய் வரைக்கும் வந்த பதிலை விழுங்கிவிட்டேன்.

என் அம்மாவின் அப்பா குன்னூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் பங்களாவில் பட்லர். குந்தா மின்திட்ட வேலை 1956இல் தொடங்கியபோது வந்த கூட்டத்தில் ஒருவராக என் அப்பா வந்து, நாங்கள் அவலாஞ்சிக்காரர்கள் ஆனோம். கலியாணமாகி இங்கே வந்த அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இந்தக் கரண்டி இருந்தது. கூடவே மடித்த ஒரு காகிதமும். சிட்டு என்பார் அம்மா. தாத்தாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. ஆறாம் வகுப்பில் நான்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். இந்த ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்திருக்கிறேன், பூச்சுப் போனது, நசுங்கியது என்று துரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். குப்பைக்குப் போகவேண்டிய கரண்டிக்கு எதற்கு சாசனம் என்று கேட்டேன். ‘தாத்தா தினமும் பின்வாசல்ல கோட்டுப் பையை வெளியே இழுத்துக் காட்டிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்’ என்று அம்மா சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் எந்த வருத்தமும் இல்லை. காலையில் பல் தேய்ப்பார் என்று சொல்வது போலத்தான் சொன்னார். 2009 நவம்பர் மழையில் கூரை ஒழுகி டிரங்குப் பெட்டி நனைந்தது. சிட்டு கூழாகிவிட்டது. ஆக, என்னிடம் இப்போது கரண்டி இருக்கிறது, சாட்சி இல்லை.

இந்தக் கரண்டியின் வம்சத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்துவைத்திருக்கிறேன். சீனத்திலிருந்து தேயிலைப் பெட்டி வரும்போது, பிரித்து மாதிரி பார்ப்பதற்கென்று மேலாக ஒரு சிப்பியைப் போட்டு அனுப்புவார்களாம். அதனால்தான் கரண்டிக்குச் சிப்பி முகம் என்கிறார்கள். இங்கிலாந்தில் தேயிலை பொன் விலை விற்ற காலத்தில் அதை வைக்கும் பெட்டிக்குப் பூட்டு உண்டு. சாவி எஜமானியம்மாளிடம் இருக்கும். வேலைக்காரர்கள் ஒரு பிடி அள்ளிவிடுவார்களே! நான் இத்தனை வருஷமாகத் தேடுகிற பெட்டி அதுதான். தாத்தா போன்றவர்களை நம்பாததால் பூட்டு வைத்த பெட்டி.

பூட்டுக்குள் இருந்த தேயிலையின் கதை இன்னும் வேடிக்கை. 1848இல் கிழக்கிந்தியக் கம்பெனி ராபர்ட் ஃபார்ச்சூன் என்பவரைச் சீனத்துக்கு அனுப்பியது. மனிதர் தலையைச் சிரைத்துப் பின்னல் வைத்து, சீன உடுப்புப் போட்டுக்கொண்டு, வெளிநாட்டார் போகக்கூடாத உள்நாட்டுத் தேயிலை மலைகளுக்குப் போய், செடியும் விதையும் செய்முறை தெரிந்த ஆட்களுமாகக் கிளப்பிக்கொண்டு வந்தார். ஒளித்து வைக்கவில்லை, புத்தகமே எழுதினார். அவர் சரக்கு போனது இமயமலைப் பக்கம். நம் மலைக்கு வந்தவர் வேறொருவர்.

‘மார்க்கம் வந்துட்டாரா?’ என்று ஆசிரியர் கேட்பார். வந்துவிட்டார். கிளெமெண்ட்ஸ் மார்க்கம் 1862இல் லண்டனில் வெளியிட்ட, பெருவிலும் இந்தியாவிலும் தாம் செய்த பயணங்களைப் பற்றிய புத்தகம் என் கட்டிலடியில் ஜெராக்ஸ் பிரதியாகக் கிடக்கிறது என்று ஏழெட்டு முறையாவது எழுதியிருப்பேன். (ஜெராக்ஸ் திருட்டில்லையா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். காப்புரிமை முடிந்து பல தலைமுறை ஆயிற்று ஐயா.) ராத்திரி தூக்கம் வராமல் மறுபடி அதைத்தான் எடுத்தேன். முன்பெல்லாம் சாகசக் கதையாகப் படித்ததை இந்த முறை கடைக்காரன் கண்ணால் படித்தேன்.

விஷயம் சிங்கோனா. அதன் பட்டையிலிருந்துதான் கொய்னா. அந்த மரத்தின் சொந்த ஊர் தென்னமெரிக்க மலைகள். 1860இல் மார்க்கம் பெருவின் காட்டுக்குள் நுழைந்து கன்றுகளைப் பிடுங்குகிறார். ஊர்க்காரர்களுக்கு மூக்கில் வியர்க்கிறது. வழியில் மடக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், கூடவந்த தோட்டக்காரரை வழக்கமான பாதையில் அனுப்பிவிட்டு, கன்று மூட்டைகளோடு தான் ஆளில்லாத மலை வழியில் இறங்குகிறார். துறைமுகத்தில் சுங்கக்காரர் கப்பலேற்ற விடவில்லை. லிமாவுக்குப் போய் மந்திரியிடம் உத்தரவு வாங்கி வருகிறார். பெட்டியில் ஓட்டை போட்டு வெந்நீர் ஊற்றிக் கன்றுகளைக் கொல்லக்கூட ஒரு முயற்சி நடந்ததாம். அத்தனையும் பிழைத்து வந்த கன்றுகளைச் செங்கடல் வெயில் தின்றுவிட்டது. சிங்கோனாவை ஊட்டியில் வேரூன்ற வைத்தவை ஈக்வடாரிலிருந்து ராபர்ட் கிராஸ் கொண்டுவந்த சிவப்புப் பட்டைக் கன்றுகள். 1861இல் ஈக்வடார் தடைச்சட்டம் போட்டபோது அவை தொட்டபெட்டாவில் தோட்டக் கண்காணிப்பாளர் மெக்ஐவரின் கையில் பதியன் ஆகிக்கொண்டிருந்தன.

மார்க்கமிடம் காரணம் இருந்தது. ஒருவேளை நல்ல காரணம். அங்கே மரத்தை வெட்டி அழிக்கிறார்கள், இங்கே ஜுரத்தில் சாகிறார்கள் என்றார். வயநாட்டு ஜுரத்தைப் பார்த்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள். என் அம்மாவும் சின்ன வயதில் கொய்னா குடித்து எழுந்தவர்தான். கசப்பைப் பற்றித்தான் சொல்லுவார், அது எங்கிருந்து வந்தது என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. மார்க்கம் பிற்பாடு சர் ஆனார், லண்டன் ராயல் ஜியாக்ரஃபிகல் சொசைட்டிக்குத் தலைவரானார், ஸ்காட்டை அண்டார்டிகாவுக்கு அனுப்பிவைத்தார். நடுவட்டத்துச் சிங்கோனாத் தோட்டத்தில் குழி வெட்டியவர்கள் யாரென்றால், கைதிகள். மலாயாப் பக்கம் தண்டனை வாங்கி மதராஸ் மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனர்களும் அதில் இருந்தார்கள். அவர்களை அடைத்த ஜெயில் கட்டடம் இன்னும் நிற்கிறது. விடுதலையான சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவே குடிசை போட்டு, தமிழ்ப் பெண்களைக் கட்டி, காய்கறியும் மாடுமாகக் காலம் தள்ளினார்கள்.

நான் அடிக்கோடு போட்டு வைத்திருப்பது வேறொரு பெயர். மானுவல் இன்க்ரா மாமானி. பொலிவியாக்காரர், ஐமாரா இனத்தவர். எந்த மரத்துப் பட்டையில் மருந்து அதிகம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர். சார்லஸ் லெட்ஜர் என்ற இங்கிலீஷ் வியாபாரிக்காக அவர் சேர்த்துக் கொடுத்த விதை 1865இல் லண்டன் போனது. பிரிட்டிஷ் அரசு வேண்டாம் என்றது. டச்சுக்காரர்கள் ஒரு பவுண்டு விதையை வாங்கி ஜாவாவில் ஊன்றினார்கள். உலகத்துக் கொய்னாவில் பெரும்பங்கு பின்னால் ஜாவாவிலிருந்துதான் வந்தது. மரத்துக்கு லெட்ஜர் பெயரை வைத்தார்கள். லெட்ஜருக்கு வயதான காலத்தில் டச்சு அரசு பென்ஷனும் கொடுத்தது. மறுபடி விதை சேர்க்கப் போன மாமானியைச் சொந்த நாட்டுக்காரர்களே பிடித்து, சிறையில் போட்டு அடித்தார்கள். அந்த அடியிலேயே செத்தார். இத்தனை பேர் வந்துபோகும் கதையில் பையைத் திறக்கச் சொல்லிப் பிடிபட்டவர் அவர் ஒருவர்தான்.

டீப்பாட்டுக்குள் கரண்டி கிடைத்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். எப்படிக் கிடைத்தது என்பதை எழுதவில்லை. வேண்டுமென்றேதான் தாண்டிப்போனேன்.

என் பையிலிருந்த கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ‘அப்ப எங்கது எங்க?’ என்று சொல்லியபடி அந்தப் பையன் திரும்பிப் பார்த்தான். பின்னால் துணியோடு ஒரு பெண் நின்றிருந்தாள். கடையில் தூசு தட்டுகிறவள், இருபது வயதுகூட இருக்காது. அவன் அவளை ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தான், அவ்வளவுதான். அவள் துணியைக் கீழே வைத்தாள். ஸ்வெட்டரின் இரண்டு பாக்கெட்டையும் விரல் விட்டு வெளியே இழுத்துக் காட்டினாள். ஒரு ஹேர்பின், பாதி தின்று காகிதத்தில் மடித்த ஒரு வர்க்கி, எமரால்டு பஸ் டிக்கெட். எங்கள் பக்கத்துப் பெண். அவன் தலையாட்டும் வரை அந்தப் பாக்கெட்டுகள் நாக்கு மாதிரி வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. அவன் ஆட்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள். ‘அண்ணா, அந்த அம்மாதான் ரெண்டையும் பாத்துட்டு, நம்மளதை அந்த டீப்பாட்டுல போட்டாங்க.’

போட்டிருக்கிறேன். சந்தோஷத்தில், ஞாபகமில்லாமல்.

அவன் என் பக்கம் திரும்பி மன்னிப்புக் கேட்டான். நானும் பெரிய மனதோடு பரவாயில்லை என்றேன். அவள் வர்க்கியை மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். நான் என் கரண்டியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டிருந்தேன்.