புது ஆபீஸ் போடுமுன் பழைய மேக்ரோவைப் பாருங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10, ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 மூன்றுக்கும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை முடித்துக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியில் கணக்கு வைப்பது ஆபத்து. மாற்றத்தான் வேண்டும். ஆனால், பார்த்து மாற்ற வேண்டும் என்பது என் கருத்து.

யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்த எக்செல் மேக்ரோவில் ரசீது போடும் சிறு அலுவலகங்கள் எங்கள் ரமணாசிரமம் பகுதியிலும் உண்டு. எழுதியவர் ஊரிலேயே இருக்க மாட்டார். ஆபீஸ் 2019 முதல், நாம் வேறு கேட்காவிட்டால் 64-பிட் பதிப்புதான் கணினியில் ஏறும். விண்டோஸின் உள்வசதிகளை 'டிக்ளேர்' வரி மூலம் அழைக்கும் பழைய மேக்ரோ, அந்த வரியில் 'பிடிஆர்சேஃப்' என்ற சொல் இல்லையென்றால் அதில் ஓடாது. ஆக்சஸ் கோப்பைத் திறக்கும் பழைய ஜெட் டிரைவரும் 64-பிட்டில் கிடையாது. அப்படிப்பட்டவர்கள் 32-பிட் பதிப்பைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் ஒரு கணினியில் மட்டும் புதியதைப் போடுங்கள். கோப்பின் நகலை வைத்து, போன மாதக் கணக்கைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை பைசா பிசகாமல் ஒத்துவந்த பிறகு மற்றவற்றை மாற்றலாம்.

பௌர்ணமிக்கு முதல் நாள் மட்டும் இந்த வேலையில் இறங்காதீர்கள். கிரிவலக் கூட்டம் வாசலில் நிற்கும்போது மேக்ரோவைத் திருத்த ஆள் தேட முடியாது.