மேலே சிந்தியது கீழே வரும்

பெரியகுளத்திற்கு அண்மையிலுள்ள கும்பக்கரை அருவியை அறியாதவர் நம் தேனி மாவட்டத்தில் இரார். விடுமுறை நாள் வந்துவிட்டால் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி என்று எல்லா ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக அங்கே சென்று நீராடித் திரும்புகிறோம். இந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் கேட்டால், மலையிலிருந்து வருகிறது என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். எந்த மலை, அதன் மேலே என்ன இருக்கிறது என்னும் அடுத்த கேள்வியை அவர்களும் கேட்பதில்லை. நாமும் எடுத்துச் சொல்வதில்லை. இம்மாதம் அந்த அடுத்த கேள்வியைப் பற்றியே வாசக அன்பர்களோடு சிந்திக்க விரும்புகிறோம்.

கும்பக்கரையில் விழுகின்ற பாம்பாறு கொடைக்கானல் மலையில் பிறக்கிறது. அங்கே பாம்பாற்றுச் சோலை என்னும் அடர்ந்த காடு இருக்கிறது. அந்தச் சோலைக்கு மேலேயுள்ள மேட்டில் 1980களின் தொடக்கத்தில் ஒரு வெப்பமானித் தொழிற்சாலை எழுந்தது. காய்ச்சலை அளக்க உதவும் தெர்மாமீட்டர்களை அது தயாரித்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரில் இயங்கிய ஆலையின் பழைய இயந்திரங்களே இங்கே கொண்டுவந்து நிறுவப்பட்டன. முதலில் பாண்ட்ஸ் நிறுவனத்திடம் இருந்த ஆலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசமாயிற்று. செய்த பொருள்களில் பெரும்பகுதி வெளிநாடுகளுக்குச் சென்றது. கழிவு மட்டும் நம் மலையிலேயே தங்கியது.

வெப்பமானியின் உயிர் பாதரசம். பார்ப்பதற்கு உருக்கிய வெள்ளி போன்று அழகாயிருக்கும் இப்பொருள், அறையின் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும் தன்மையுடையது. அந்த ஆவிக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதைத் தொடர்ந்து சுவாசிப்போருக்கு நரம்பு மண்டலமும் சிறுநீரகமும் பழுதுபடுகின்றன. கருவுற்ற தாயிடமிருந்து வயிற்றிலுள்ள சிசுவுக்கும் அது சென்று சேர்கிறது. நீர்நிலையில் விழுந்தாலோ, நுண்ணுயிர்கள் அதை மேலும் கொடிய நஞ்சாக மாற்றிவிடுகின்றன. அந்நஞ்சு மீனின் உடலில் சேர்ந்து, மீனை உண்பவரை வந்தடைகிறது. ஜப்பான் நாட்டின் மினமாட்டா என்னும் ஊரில் இவ்வாறு மக்கள் நோயுற்று மாண்ட கொடுமை 1956ஆம் ஆண்டில் உலகுக்குத் தெரியவந்தது.

இத்தகைய பொருள் ஒட்டியிருந்த உடைந்த கண்ணாடிக் கழிவு, டன் கணக்கில், கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் மக்கள் நெருங்கி வாழும் இடத்திலுள்ள பழைய பொருள் கடையொன்றில் கிடப்பதை 2001ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஊர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிப்படுத்தினார்கள். ஆலை அவ்வாண்டே மூடப்பட்டது. 2003ஆம் ஆண்டில் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றப்பட்டு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஏழை நாடு பணக்கார நாட்டின் குப்பையைச் சுமப்பதே வழக்கமாகிவிட்ட உலகில், குப்பை வந்த திசைக்கே திரும்பிச் சென்றது அரிய நிகழ்ச்சியன்றோ!

ஆனால், ஆலையில் உழைத்தவர்களின் துயரம் அத்தோடு தீரவில்லை. பாதரசத்தின் தீங்கைத் தங்களுக்கு முறையாக எடுத்துச் சொல்லவில்லை என்றும், அதனால் நோயாளிகளாகிவிட்டோம் என்றும் அவர்கள் முறையிட்டார்கள். உடல்நலக் கேட்டுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்பது நிறுவனத்தின் நிலை. 2006ஆம் ஆண்டில் முன்னாள் தொழிலாளர் சங்கம் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. ஆண்டுகள் உருண்டன. செய்தித்தாள்களும் மெல்ல மெல்ல மறந்தன.

இந்த நிலையில்தான் 2015ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் ஓர் இளம்பெண்ணின் குரல் ஒலித்தது. சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரப், வேகமாகச் சொல்லடுக்கிப் பாடும் ராப் என்னும் மேனாட்டு முறையில் ஒரு பாடலை இணையத்தில் வெளியிட்டார். "கொடைக்கானல் வோன்ட்" என்பது அதன் பெயர். கொடைக்கானல் ஓயாது, இழப்பீடு கிடைக்கும் வரை பின்வாங்காது என்பதே அதன் சாரம். சில நாட்களிலேயே இலட்சக்கணக்கானோர் அதைக் கண்டார்கள். நிறுவனத்தின் உலகத் தலைமை நிர்வாகியாக இருந்த பால் போல்மனே பொதுவில் பதில் கூற நேர்ந்தது. 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு உதவித்தொகை வழங்கும் உடன்பாடு கையெழுத்தாயிற்று. மனிதாபிமான அடிப்படையில் வழங்குவதாக நிறுவனம் அறிவித்தது.

அந்தப் பாட்டின் வடிவம் நம்மில் சிலருக்கு ஒவ்வாமல் இருக்கலாம். அது வேறு விவாதம். நம் இளைஞர்கள் இந்நிகழ்ச்சியிலிருந்து பெற வேண்டிய படிப்பினை வேறொன்று.

ஒரு பாட்டு ஒரு பெரிய நிறுவனத்தை வளைத்துவிட்டது என்று எண்ணுவது தவறு. அந்தப் பாட்டுக்குப் பின்னால் பதினான்கு ஆண்டுக்கால உழைப்பு இருந்தது. கழிவைக் கண்டவர்கள் சாட்சி சொன்னார்கள். மண்ணை ஆராய்ந்தவர்கள் கணக்கை எழுதி வைத்தார்கள். நித்தியானந்த் ஜெயராமன் போன்ற எழுத்தாளர்கள் இடைவிடாது எழுதினார்கள். நோயுற்ற தொழிலாளர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். இவர்கள் சேர்த்து வைத்த உண்மைகளை எடுத்து, கேளாத செவிகளுக்கும் எட்டும்படி செய்தார் அந்த இளம்பெண். உண்மையைத் தேடிய முதியவர்களும் அதை உரக்கச் சொன்ன இளையவரும் சேர்ந்தபோதுதான் கதவு திறந்தது. ஒன்றையும் ஆராயாமல் கைப்பேசியில் வந்ததையெல்லாம் பிறருக்கு அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்துவிடும் நம் பிள்ளைகள் இந்த வேறுபாட்டை உணர வேண்டும்.

அந்த உடன்பாட்டோடு வேலை முடிந்துவிடவில்லை என்பதையும் அவர்கள் அறிய வேண்டும். ஆலை இருந்த இடத்தின் மண்ணில், ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்னும் அளவுக்குத் தூய்மை செய்தால் போதும் என்று திட்டமிடப்பட்டது. இது போதாது, பணக்கார நாடுகளின் அளவுகோல் இதைவிடக் கடுமையானது என்று சூழல் ஆர்வலர்கள் வாதிட்டார்கள். 2018ஆம் ஆண்டில் கர்நாடக இசைக் கலைஞர் டி.எம். கிருஷ்ணாவும் சோபியாவும் சேர்ந்து இதற்காகவே மற்றொரு பாடலை வெளியிட்டார்கள். இலண்டன் குழந்தைக்கு ஓர் அளவும் கொடைக்கானல் குழந்தைக்கு ஓர் அளவும் இருக்கலாமா என்ற அக்கேள்வி நியாயமானதே.

தண்ணீர் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். மக்கள் நீரெடுக்கும் துறைகளை அசுத்தப்படுத்துவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் வன்மையாகத் தடுத்தார்கள். நடைபாதையில் கிடக்கும் துன்பம் தரும் பொருளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று கற்பித்தார்கள். ஐவேளையும் ஒளுச் செய்யும் சமுதாயம் தன் தண்ணீரின் வரலாற்றை அறியாதிருப்பது தகுமா?

ஆகவே, நம் பள்ளத்தாக்கின் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். முல்லைப் பெரியாற்று நீர் லோயர் கேம்ப்பில் இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியாக வைகையை நோக்கிச் செல்கிறது. உங்கள் ஊரின் சாக்கடை எந்த இடத்தில் அதனோடு கலக்கிறது? திருமண மண்டபத்தின் எச்சிலும் பிளாஸ்டிக் தட்டும் எங்கே கொட்டப்படுகின்றன? தோட்டத்தில் தெளித்த பூச்சிமருந்தின் காலிக் குப்பி எந்த வாய்க்காலில் மிதக்கிறது? நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் நடந்து பார்த்து, நாளும் இடமும் குறித்து ஒரு வரைபடம் தயாரியுங்கள். அதை ஜமாஅத் பெரியவர்களிடம் காட்டுங்கள். பிறகு நகராட்சிக்கோ பேரூராட்சிக்கோ மனுவாகக் கொடுங்கள். மரம் நடுவது நன்று. அந்த மரத்திற்குப் பாயும் நீர் எத்தகையது என்று கேட்பது அதனினும் நன்று.

இல்லத்தரசியருக்கும் ஒரு சொல். பாதரச நச்சைக் குறைப்பதற்காக 2013இல் உருவான மினமாட்டா உடன்படிக்கையை நம் நாடு 2018இல் ஏற்றுக்கொண்டது. எனினும், பல வீடுகளின் மருந்துப் பெட்டியில் பழைய பாதரச வெப்பமானி இன்னும் இருக்கிறது. அது உடைந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். துளிகள் சிதறிப் பெருகும். குழந்தைகளை அறையை விட்டு அனுப்பிவிட்டு, சன்னல்களைத் திறந்து வையுங்கள். தங்க மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைத்துவிடுங்கள். பாதரசம் தங்கத்தைப் பற்றிக் கெடுத்துவிடும். கையுறை அணிந்து, கெட்டியான அட்டையால் துளிகளை ஒன்றுசேர்த்து, இறுக மூடும் பாட்டிலில் இடுங்கள். எக்காரணம் கொண்டும் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பழுதான குழல்விளக்கிலும் சிறிதளவு பாதரசம் உண்டு. அதை உடைத்துக் குப்பையில் போடாமல், தனியாக வைத்து மின்கழிவு பெறுவோரிடம் கொடுங்கள். இனி வாங்கும் வெப்பமானி பாதரசம் இல்லாத டிஜிட்டல் வகையாக இருக்கட்டும்.

மேட்டில் இருப்பவர் சிந்தியது பள்ளத்தில் இருப்பவரை வந்தடைகிறது. நாம் கொடைக்கானலுக்குக் கீழே இருக்கிறோம். மதுரையும் இராமநாதபுரமும் நமக்குக் கீழே இருக்கின்றன. மேலே இருப்பவரிடம் நியாயம் கேட்கும் உரிமையும், கீழே இருப்பவருக்குத் தீங்கிழைக்காத கடமையும் நமக்கு ஒருசேர உண்டு. இவ்விரண்டையும் பேணும் மன உறுதியை நம் பிள்ளைகளுக்கு வல்ல நாயன் வழங்குவானாக!