கையும் கருவியும்



அண்மையில் ஓர் அலுமாரிக் கதவுக்கு முன்னால் தலைகுனிந்து நின்றேன். வாழ்வாதார உதவியில் தச்சுவேலை பழகிய அக்கா ஒருவர் செய்த கதவு அது. பழைய தேக்குச் சட்டத்தை மெல்லிய தகடாக அரிந்து, பிளைவுட்டில் ஒட்டியிருந்தார். ஆனால் விளிம்பில் தேக்கு முற்றாகத் தேய்ந்து பிளைவுட் தெரிந்தது. வாங்கியவர் கதவைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

பிழை என்னுடையது. பெரிய மெசின் என்றால் வேலை கெதியாக முடியும் என்று பட்டி ஓடும் சாண்டரைத் தெரிவுசெய்தது நான்தான். ஷெல் துண்டு இன்னமும் இருக்கும் அவரது வலது கையை நான் நினைக்கவில்லை.

"தங்கச்சி, அது என்னை இழுத்துக்கொண்டு ஓடுது. பிடிச்சு நிப்பாட்டக் கையிலை பலமில்லை" என்றார்.

பின்னர் இருவரும் ஒரு மரவேலை ஆசிரியரிடம் கேட்டு அறிந்தவை இவை:

பட்டிச் சாண்டர் பெரும்பாலும் 3, 4 கிலோ பாரம். முரட்டுப் பலகைக்கே அது நல்லது. நாம் அரியும் தகடு 2 அல்லது 3 மில்லிமீற்றர்தான். கடைத் தகடு 1 மில்லிமீற்றரும் இல்லை. கண்மூடித் திறப்பதற்குள் தேய்ந்துவிடும்.

வட்டமாகச் சுழன்று அசையும் சிறிய சாண்டர் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. கதவுச் சட்டத்தில் நெடுக்கு மரமும் குறுக்கு மரமும் சந்திக்கும் இடத்திற்கும் இதுவே உகந்தது. அழுத்த வேண்டாம். விளிம்பில் சரிக்கவும் வேண்டாம்.

மின்சாரமோ பணமோ இல்லையென்றால், தட்டையான மரக்கட்டையில் அரத்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். இலக்கம் கூடக்கூட தாள் மென்மையாகும். 120, 180, 240 என்று படிப்படியாக, மரத்தின் நார் ஓடும் பக்கமாகவே தேயுங்கள். விளிம்புகளுக்கு எப்போதும் கைதான்.

தேய்க்குமுன் பென்சிலால் இலேசாகக் கோடுகள் கீறுங்கள். கோடுகள் எல்லா இடத்திலும் மறைந்ததும் நிறுத்துங்கள்.

மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995இல் வகைப்படுத்தியது. முகக்கவசம் அணிந்து, பிள்ளைகள் இல்லாத வெளியிடத்தில் தேயுங்கள். தூளைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

அக்கா இப்போது சிறிய சாண்டரும் கட்டையும் வைத்திருக்கிறார். அந்தக் கதவுக்குப் புதிய தகடு ஒட்டிக் கொடுத்துவிட்டார்.

சகோதரிகளே, உதவிப் பணத்தில் மெசின் வாங்குமுன் அதைத் தூக்கிப் பாருங்கள், ஓடவிட்டுப் பாருங்கள். சரிவராவிட்டால், என்னைப் போன்ற உத்தியோகத்தர் முகத்துக்கு நேரே "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லுங்கள். வேலை செய்யப்போவது உங்கள் கைதானே.