கைமணம் என்னும் கற்பிதம்

இலக்கியக் கூட்டங்களுக்குச் சென்று பழகியவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். கட்டுரை வாசிப்பு முடிந்து விவாதம் சூடுபிடிக்கும் வேளையில், பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து செல்வார்கள். கேட்டால், இரவுக்கு என்ன சமைப்பதென்று இன்னும் யோசிக்கவில்லை என்பார்கள். நாமோ தலையசைத்துவிட்டு, பெண்கள் ஏன் குறைவாக எழுதுகிறார்கள் என்று விவாதத்தைத் தொடர்வோம்.

வாரச் சமையலை முன்னதாகவே எழுதிவைக்கலாமே என்றால் நம்மவர்களுக்குக் கோபம் வருகிறது. அட்டவணை போட்டால் கைமணம் போய்விடுமாம். யாப்பு கவிதையைக் கொல்லும் என்று சொல்லத் துணியாதவர்கள் இவர்கள்!

குறுந்தொகையின் 167ஆம் பாடலைப் பல்லாண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறோம். தயிர் பிசைந்த விரலைத் துடைத்த ஆடையுடனேயே, தாளிப்புப் புகை கண்ணில் நிறையத் தலைவி சமைக்கிறாள். கணவன் சுவைத்து உண்கிறான். அவள் முகம் மலர்கிறது. கூடலூர் கிழார் பாடியது அந்த ஒரு வேளையை. அதை வாழ்நாள் முழுமைக்குமான இலக்கணமாக்கியவர்கள் நாம். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுவேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றில் நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடங்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். அம்மலர்ச்சியின் விலை இது.

திட்டமிடல் நமக்கு அந்நியமானதும் அன்று. சித்திரை வெயிலில் காய்ந்த மணத்தக்காளி வற்றலும் கூழ்வடகமும், எண்ணெய் பிரியக் கொதித்த புளிக்காய்ச்சலும், வறுத்தரைத்த பருப்புப்பொடியும் வேறென்ன? ஞாயிறன்று அரைத்த மாவு இரண்டு நாள் இட்டிலியாகி, மூன்றாம் நாள் தோசையாகி, புளித்தபின் ஊத்தப்பமாவது எழுதப்படாத அட்டவணையே அல்லவா?

அதை எழுதுவதும் கடினமன்று. வாடுவதை முதலில் சமைக்க வேண்டும் என்ற ஒரு விதி போதும். சந்தைக்குப் போன அன்று கீரை. அடுத்தடுத்த நாள்களில் வெண்டையும் கத்தரியும். வாரக்கடைசிக்குச் சேனையும் பூசணியும். காய் தீர்ந்த நாளில் வற்றல்குழம்பும் சுட்ட அப்பளமும். முந்தைய இரவு கொண்டைக்கடலையை ஊறவைத்தால் மறுநாள் கவலை குறையும். எதுவுமே இயலாத நாளுக்குச் சுடுசோறு, பருப்புப்பொடி, நல்லெண்ணெய். துவரம்பருப்பு, புளி, வற்றல் மிளகாய் ஆகியவை தீருமுன்பே வாங்கப்பட்டால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

ஆனால் அந்த அட்டவணையை எழுதுவதும் அவள் தலையிலேயே விழுமானால், 289 நிமிடங்களோடு இன்னும் சில நிமிடங்கள் சேரும், அவ்வளவே. ஆகவே அது ஒருத்தியின் நினைவில் இருக்கலாகாது. எல்லோருக்கும் தெரியும்படி சமையலறைச் சுவரில் இருக்க வேண்டும். முதலில் வீடு திரும்புபவர் எவரோ, அவர் அதைப் படித்து அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். எத்தனையோ பாடல்களுக்குப் பதவுரை எழுதிய நமக்கு, உளுந்து எந்த டப்பாவில் இருக்கிறதென்று அறிவது அத்துணை அரிதா?

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யைக் கொண்டாடிக் கட்டுரை எழுதிய நாம், நம் வீட்டு மூலைக்குள் எத்தனை முறை நுழைந்தோம்? அடுத்த கூட்டத்தில் விவாதம் தொடங்கும்போது எழுந்து செல்ல வேண்டியவர்கள் நாம்தாம்.